யானை நிற்பது தெரிந்தால் ஓர் உயிர் மிஞ்சும்

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. விடியலில் வேலைக்குப் போனவரோ, ராத்திரி கடைவீதியிலிருந்து வீடு திரும்பியவரோ யானை தாக்கி இறந்துவிட்டார் என்று. இறந்தவர் இளம் தகப்பனாக இருந்தால், குழுக் கடன், பிள்ளைகள் படிப்பு, தேயிலைப் பறிப்பு எல்லாம் ஒரே நாளில் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. "விதி"ன்னு சொல்லி விட்டுடறோம். ஆனா இதில் விதியைவிட நம் கையில் இருப்பது அதிகம்.

யானை ஏன் வருது?

கூடலூர் காடு முதுமலை, வயநாடு, நிலம்பூர்க் காடுகளை இணைக்கும் பாலம். அந்தப் பாலத்தின் மேல்தான் தேயிலையும் ஊர்களும் இருக்கின்றன. ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேணும். தேயிலையை அது தின்னாது. வழியில் கிடைப்பது பலா, வாழை, பாக்கு, அப்புறம் வீட்டு அரிசி. அரிசிக்காகவே வீடுகளை இடித்த யானையை இங்கே 'அரிசி ராஜா' என்றே கூப்பிட்டார்கள். 2022 நவம்பரில் தேவாலா வாழவயலில் ஒரு பெண் அதற்குப் பலியானார். டிசம்பரில் அதைப் பிடித்து முதுமலையில் விட்டார்கள். ஒரு யானையைப் பிடித்தாலும் தீனியும் வழித்தடமும் இங்கேயேதான் இருக்கின்றன.

வால்பாறை காட்டிய வழி

வால்பாறையிலும் தேயிலைதான், சுற்றிலும் காடுதான். 1994 முதல் 2012 வரை அங்கே சுமார் 40 பேர் யானையால் இறந்தார்கள். ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: அவர்களில் பெரும்பாலோருக்கு யானை பக்கத்தில் நிற்பதே தெரியாது. இருட்டு, பனி, மழை, வளைவுப் பாதை. திடீரென்று நேருக்கு நேர்.

அதனால் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் வனத்துறையோடு சேர்ந்து, யானை இருக்கும் இடத்தைக் கேபிள் டிவியிலும், 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் ஊருக்குச் சொன்னார்கள். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை நிற்கிறது. அதன் பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. யானை அங்கேயே இருந்தது, தகவல்தான் புதிதாக வந்தது.

நம் தோட்டத்தில் செய்யக்கூடியவை

பலா மரத்தை வெட்ட வேண்டாம். அது மிளகுக்கொடிக்குத் தாங்கு மரம், மண்ணுக்குத் தழை. காயைப் பிஞ்சிலேயே இறக்கிக் கறிக்கு விற்றுவிடுங்கள். வீட்டை ஒட்டி ஒரு பழம்கூடப் பழுக்க விடாதீர்கள்.

வாழையை வீட்டுச் சுவரோரம் வைக்காதீர்கள். அந்த இடத்தில் மஞ்சள், மிளகாய், எலுமிச்சை இருக்கட்டும். யானை இவற்றை அதிகம் தொடுவதில்லை. அரிசி, உப்பு, மாட்டுத்தீவனத்தை நன்றாக மூடி வையுங்கள்.

நடைபாதையின் இருபுறமும் உண்ணிச்செடியை வெட்டி, தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். வெட்டிய தழை மூடாக்குக்கு ஆகும்.

வெளிச்சம் வருமுன் தனியாகக் கிளம்ப வேண்டாம். டார்ச் அவசியம். நாயைக் கூட்டிப்போகாதீங்க. யானையைக் கண்டால் அது குரைத்துவிட்டு உங்களிடமே ஓடி வரும், பின்னாடியே யானையும் வரும்.

வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சாதீர்கள். யானையையும் கொல்லும், பக்கத்து வீட்டுத் தகப்பனையும் கொல்லும். சட்டப்படி குற்றம். சூரிய மின்வேலி வேண்டுமென்றால் வனத்துறையிடம் கேட்டு அமையுங்கள்.

பத்து வீட்டுக்கு ஒரு கைப்பேசிக் குழு போதும். "மூணாம் நம்பர் காட்டுல நிக்குது" என்ற ஒரு வரி விடியலுக்கு முன் எல்லோருக்கும் போய்ச் சேரணும்.

ஒரு வீட்டில் நடந்துவிட்டால்

உடனே வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள், நிவாரணத்துக்கு அந்த அறிக்கை தேவை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்க வேண்டும். உயிரிழப்புக்கான தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. துக்கத்தில் இருக்கும் பெண்ணை அலுவலகம் அலுவலகமாகத் தனியே அலைய விடாதீர்கள். கூட ஒருவர் போகணும். அந்த வாரம் அவர் தோட்டத்துப் பச்சைத் தேயிலையை ஊர் சேர்ந்து பறித்துக் கொடுக்கணும்.