சொந்த விமானம்: கட்டுவதா, பழசை வாங்குவதா?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் பழைய டிராக்டர் வாங்கப் போறவங்க முதல்ல கேட்பது, "இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்றுதான். பழைய விமானத்துக்கும் அதே கேள்விதான். செஸ்னா 172-இல் வரும் லைகாமிங் இன்ஜினை சுமார் 2000 மணி நேரத்தில் முழுசாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டும். விலை ரொம்ப மலிவா இருந்தா, அந்தச் செலவு பக்கத்துல வந்துடுச்சான்னு பாருங்க.

ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் வேறு வழி பிடித்தார். குடும்பத்துக்கு நாலு சீட் வேணும். வாடகைக்குக் கிடைத்தவையோ பழசு. தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ கிட் வாங்கி, 2020 ஊரடங்கில் எசெக்ஸ் வீட்டிலேயே கட்ட ஆரம்பித்தார். 2022-இல் பறந்தார். செலவு சுமார் 1,40,000 பவுண்டு. அந்தக் காசுக்குப் பழைய செஸ்னா தாராளமாக வாங்கலாம்.

அப்போ கிட்டில் லாபம் என்ன? புது இன்ஜின், எந்த ரிவெட் எப்படி அடிச்சதுன்னு தெரியும். அமெரிக்காவில், கட்டியவரே வருடாந்தரச் சோதனை செய்யச் சான்றிதழ் வாங்கலாம். விமானத்தை விற்றால் அந்த உரிமை கூடப் போகாது.

பறக்கத்தான் ஆசைன்னா பழசு. கட்டுறதே சுகம்னா மட்டும் கிட். இல்லைன்னா அது கொட்டகையிலேயே பாதியில் நின்னுடும்.