மலைப்பாதையில் கேரவன்

கேரவன் என்பது எஞ்சின் இல்லாத வீடு. காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் கொளுவி இழுத்துப் போகும் பெட்டி அது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, வசதியானதாக இருந்தால் கழிவறையும் இருக்கும். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் சொகுசு வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் தானே ஓடும் பஸ் வகை. இழுவைக் கேரவனுக்குச் சொந்த ஓட்டம் கிடையாது. அதன் குணங்கள், கோளாறுகள் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துச் சாக்குகளை பெக்டரிக்கு ஏற்றிப்போகும் டிரெக்டர் பெட்டி ஒன்று. அடிவாரத்தில் வெல்லவாயப் பக்கம் ஓடும் லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டி மற்றொன்று. கதிர்காமத்துக்கு ஆடித் திருவிழா காணப் போகும் குடும்பம் அந்தப் பெட்டியில் பாய், பானை, அரிசி, விறகு எல்லாவற்றையும் ஏற்றி, மேலே படங்கு கட்டிக்கொண்டால் அதுவும் ஒரு கேரவன்தான்; பெயர்தான் இல்லை.

வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பொழுதுபோக்காக்கியவர்களில் முன்னோடி, வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1885இல் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்து, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். கூடவே வண்டிக்காரர், பணியாள், ஒரு கொக்கட்டூ கிளி, ‘ஹரிக்கேன் பொப்’ என்ற பெரிய நாய். பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய், எதிரே வருபவர்களுக்கு ‘பெரிய வண்டி வருகிறது’ என்று எச்சரிப்பார். ஊவாவின் ஹப்புத்தளை வளைவுகளில் இன்று கேரவன் ஓட்டுபவருக்கும் முன்னால் ஓர் ஓட்டோ போனால் நல்லதுதான். மோட்டார் கார் இழுக்கும் கேரவன்கள் 1919இல் இங்கிலாந்தில் எக்கிள்ஸ் கம்பனியால் விற்பனைக்கு வந்தன.

கேரவனையும் காரையும் இணைப்பது காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உருக்குக் குண்டு. ஐரோப்பிய அளவில் அதன் விட்டம் 50 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட ஓர் எலுமிச்சம்பழம். கேரவனின் ஏர்க்கால் முனையில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அதற்கு மேலும் ஒரு சங்கிலியோ கம்பிவடமோ கட்டப்படும். கொளுவி கழன்றால் அந்த வடம் இழுபட்டு, கேரவனின் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும்.

அந்தக் குண்டின்மேல் எவ்வளவு எடை அமர வேண்டும் என்பதுதான் இந்த இயந்திரத்தின் மையக் கேள்வி. மாட்டுவண்டிக்காரர்கள் இதை முன்பாரம், பின்பாரம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும். கேரவனிலும் அதே கணக்கு. மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் குண்டின்மேல் இருக்கட்டும் என்பது பிரித்தானிய வழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 வீதம். ஆகவே தண்ணீர்க் கலன், அரிசி மூடை, கேஸ் சிலிண்டர் போன்ற கனமானவை அச்சுக்கு அருகிலோ சற்று முன்னாலோ தாழ்வாக இருக்க வேண்டும். பின் அலுமாரி தலையணைக்கும் போர்வைக்கும் மட்டும்.

பின்பாரமான கேரவன் மெதுவாகப் போகும்வரை சாதுவாக இருக்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும், ஒரு பள்ளமோ காற்றோ தட்டிவிட்டால் வாலை இடமும் வலமும் ஆட்டத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே புரட்டிவிடும். அப்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிடுவதே வழி. ஆட்டத்தை ஓட்டி அடக்கலாம் என்று வேகம் கூட்டுவது பெரும் பிழை. ஹப்புத்தளை மலை இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது அந்தப் பருவத்தின் வறண்ட காற்று. உயரமான கேரவனின் விலாவில் அறைவதும் அதே காற்றுதான்.

ஏற்றம் எஞ்சினின் பாடு. இறக்கம்தான் சோதனை. பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீற்றர் உயரம்; எல்ல வழியாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இறங்கினால் வெல்லவாய, சுமார் 200 மீற்றர். ஒரு டன் கேரவன் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும். மீதி முழுவதும் எஞ்சினிலும் பிரேக்கிலும் வெப்பமாகிறது.

ஐரோப்பிய விதிப்படி 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவைப் பெட்டிக்குச் சொந்த பிரேக் கட்டாயம். பரவலாக உள்ளது தள்ளுவிசை பிரேக். கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னே முண்டும். அந்த முண்டலில் ஏர்க்கால் தண்டு உள்ளே அமுங்கி, ஒரு கம்பியை இழுத்து, சக்கர பிரேக்கை அழுத்தும். எளிமையான ஏற்பாடு, சமதரையில் குறை சொல்ல முடியாது. நீண்ட இறக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல். தாழ்ந்த கியரில் எஞ்சினால் காரைக் கட்டுப்படுத்தினாலும் கேரவன் முண்டிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் உரசிக்கொண்டே வரும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். கருகல் நாற்றம் வந்தால் ஏற்கெனவே தாமதம். எல்ல–வெல்லவாய வழியிலுள்ள இராவணன் அருவி போன்ற இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போவதுதான் முறை. காரிலிருந்து தனியாக இயக்கும் மின்பிரேக் உள்ள கேரவனில் ஓட்டுநர் தேவையான அளவுக்கு மட்டும் பிடிக்கலாம்.

வளைவில் கேரவன் காரின் தடத்தில் வராது. உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். கார் சுகமாகத் திரும்பியிருக்கும், கேரவனின் உட்சக்கரம் வீதியோரக் கானில் இறங்கியிருக்கும். அகல எடுத்துத் திருப்பினால் எதிரே பஸ் வருகிறது. பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும். பழகாதவருக்கு இது பெரிய குழப்பம். நண்பர்கள் கூட வருவதன் பயன் இங்கேதான் தெரியும். ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்டுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமல் இருந்தால் சரி.

ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது, கூட வரும் நாயும் அப்படித்தான். ஆட்டமும் புழுக்கமும் அங்கே அதிகம்; கொளுவி கழன்றால் தப்ப வழியில்லை. நாயின் இடம் காரின் பின் இருக்கை, மார்புப்பட்டியோடு. வளைவுகளில் அதற்கும் மயக்கம் வந்து வாந்தி வரும்; புறப்படுமுன் சில மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் இருப்பது நல்லது. பண்டாரவளைக் குளிருக்குப் பழகிய நாயை வெல்லவாய வெயிலில், மூடிய காரில் பத்து நிமிடம் விடுவதும் ஆபத்து. விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடந்தோறும் போட்டிருக்க வேண்டும். தோட்ட லயத்துப் பக்கம் வண்டி நின்றதும் அந்த ஊர் நாய்கள் கூட்டமாக வந்து விசாரிக்கும். அவை விசாரித்து முடிக்கும்வரை கூட வந்த நாய் காரை விட்டு இறங்காமல் இருப்பதே மரியாதை. ஹோர்ட்டன் சமவெளி உள்ளிட்ட தேசியப் பூங்காக்களுக்குள் நாய்க்கு அனுமதியில்லை.

இரவு தங்கும் இடத்தில் முதல் வேலை சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பது. காரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். அடுத்து ஏர்க்காலின் முன்சக்கரத்தை இறக்கி, காரைக் கழற்றி, மட்டம் பார்த்த பிறகு நான்கு மூலைக் கால்களையும் ஊன்ற வேண்டும். கேஸ் அடுப்பு எரியும்போது காற்று வழியை அடைக்கக் கூடாது. குளிருக்காக அடைத்துத் தூங்கினால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட் உயிரைக் குடிக்கும். புல்லில் நடந்து வந்த நாயின் விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்த்து, உப்புத் தண்ணீரால் துடைத்து, உள்ளேயே படுக்கவைக்க வேண்டும். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. வாசலில் கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிய இரை.