தம்பானூரிலிருந்து பொதிகைக்கு

தம்பானூர் என்றதும் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கு நினைவில் எழுவது ஊருக்குப் போகும் பயணமே. ஒருபுறம் ரயில் நிலையம். அதற்கு எதிரே பேருந்து நிலையம். பண்டிகைக்கு முதல் நாள் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடம் தேடி நிற்கும் கூட்டத்தில் நாமும் நின்றிருக்கிறோம். நம் மலையையும் நம் ஆற்றையும் விட்டு வந்துவிட்டோம் என்ற ஏக்கம் அக்கூட்டத்தில் பலருக்கும் உண்டு. ஆனால், நாம் பிரிந்து வந்ததாக எண்ணும் பொதிகை மலையின் கொடுமுடிக்குச் செல்லவும் அதே தம்பானூரில்தான் பேருந்து ஏற வேண்டும் என்பதைப் பலர் அறியார்.

மலையாளிகள் அகஸ்தியார்கூடம் என்று வழங்கும் சிகரமே நம் பொதிகை. உயரம் 1,868 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,130 அடி. அகத்திய முனிவர் தங்கித் தமிழ் வளர்த்த இடம் இது என்பது நம் மரபு. வள்ளல் ஆய் அண்டிரனின் நாடாகப் புலவர் பாடியதும் இப்பொதியிலையே. இன்று மேற்குச் சரிவு கேரளத்தின் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்திலும், கிழக்குச் சரிவு தமிழ்நாட்டின் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும் அடங்கும். இருபுறமும் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மலையேற்றத்திற்குரிய பருவம் தை, மாசி மாதங்களை ஒட்டியது. மழை ஓய்ந்து பாறைகள் உலர்ந்திருக்கும் அந்நாட்களில், நாளொன்றுக்கு ஓர் அளவான எண்ணிக்கையினரையே வனத்துறையினர் அனுமதிக்கின்றனர். முன்பதிவும், அண்மை ஆண்டுகளில் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். நெடுமங்காடு, விதுரை வழியாகப் பேருந்தில் போனால் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த போணக்காட்டை அடையலாம். அங்கிருந்து வழிகாட்டியோடு நடைதான்.

முதல் நாள் வழி பெரும்பாலும் அடர்ந்த காட்டின் நிழலிலே செல்லும். கரமனையாற்றின் இளநிலையை அங்கே கடக்கிறோம். திருவனந்தபுரத்து வீடுகளுக்கு அருவிக்கரையிலிருந்து குழாய் வழியே வரும் குடிநீர் இந்த ஆற்று நீரே. நேற்றுவரை வீட்டுக் குழாயில் பிடித்த நீரை இன்று கற்களுக்கிடையே ஓடும் ஓடையாகக் காணும்போது, காடு என்பது ஊருக்கு அப்பாற்பட்டதன்று என்பது விளங்கும். காட்டைக் கடந்தால் புல்வெளி. பின்னர் ஈற்றை அடர்ந்த சரிவு. யானைத் தடங்கள் குறுக்கிடும். மாலையில் அதிருமலை முகாமை அடைந்து தங்க வேண்டும்.

மறுநாள் காலை சிகரம் நோக்கிய ஏற்றம். பொங்காலைப்பாறையைத் தாண்டியதும் மரங்கள் குள்ளமாகும். பிறகு வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் கட்டியிருக்கும் வடத்தைப் பற்றியே ஏற வேண்டும். உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. காற்றின் வேகம் மிகுதி. நொடியில் மூடுபனி சூழ்ந்துவிடும். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் 1855-இல் இம்மலையுச்சியிலே ஓர் ஆய்வுக் கூடம் அமைத்து, நிலக்காந்தத்தையும் வானிலையையும் அளந்தார் என்பது இன்று ஏறுவோர்க்கும் வியப்பூட்டும் செய்தி.

இம்மலையின் பெருமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை. தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் இது ஏற்கிறது. பெய்த நீரைச் சோலைக்காடு மண்ணில் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. அதனாலன்றோ மேற்கே நெய்யாறும் கரமனையாறும் ஓட, கிழக்கே தாமிரபரணி நெல்லைச் சீமையை நனைத்துப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது! ஊரில் நம் பெற்றோர் அருந்துவதும் இங்கே நம் பிள்ளைகள் அருந்துவதும் ஒரே மலையின் நீர்.

இம்மலையைத் தம் தெய்வமாகப் போற்றி வாழ்பவர்கள் காணிப் பழங்குடியினர். எல்லைக்கு இருபுறமும் அவர்கள் உள்ளனர். 1987-இல் இக்காட்டில் ஆய்வு நடத்திய விஞ்ஞானிகள் களைத்துப்போக, உடன் வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் ஒரு செடியின் சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கிற்று. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என வகுக்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கும் பங்கு உண்டு என்பதற்கு உலகோர் எடுத்துக்காட்டும் முன்னோடி ஏற்பாடு அது.

நெடுங்காலம் பெண்களுக்கு இச்சிகரத்தில் இடமில்லாதிருந்தது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்க, 2019 ஜனவரியில் பெண்களும் உச்சியை அடைந்தனர். காணி மக்களிற் பலர் மனம் வருந்தினர். எனினும் எவரையும் தடுக்கவில்லை. உரிமையையும் பிறர் பக்தியையும் ஒருங்கே மதித்து நடப்பது எப்படி என்ற வினாவை அந்நிகழ்ச்சி நம்முன் வைத்தது. ஏறுகின்ற ஒவ்வொருவரும் அவ்வினாவுக்குத் தம் நடத்தையாலேயே விடை கூறுகின்றனர்.

ஆகவே, பொதிகைக்குச் செல்லும் நாம் விருந்தினராகச் செல்வோம். பிளாஸ்டிக்கையும் மதுவையும் தவிர்ப்போம். வழிகாட்டியின் சொல்லை மீறாதிருப்போம். கொண்டு சென்ற பொருளைத் திருப்பிக் கொண்டுவருவோம். கால் வலுவிழந்தவர்கள் வருந்த வேண்டுவதில்லை. தம்பானூரில் ஒரு குவளை நீர் அருந்தும்போது கிழக்கே நோக்கி நினைத்தாலும் போதும். நம் மலை நம்மை விட்டுப் பிரியவில்லை என்பது புலனாகும்.