தேதி அறிவித்த பிறகும் மாணவர்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள்?

2022 ஏப்ரல் 10ஆம் தேதி, இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ ஓர் அறிவிப்பைச் செய்தார். பொதுத் தேர்தல் 2024 பிப்ரவரி 14ஆம் தேதி நடக்கும், ஒத்திவைப்பு இல்லை என்பதே அது. மறுநாள், நோன்பு மாதமென்றும் பாராமல், ஜாக்கர்த்தா செனாயானில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டனர். வேறு பல நகரங்களிலும் பேரணிகள் நடந்தன. கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் கண்ணீர்ப் புகையையும் நீர்ப்பீரங்கியையும் பயன்படுத்தினர்.

அதிபரே தேதி சொல்லிவிட்ட பிறகு போராட்டம் எதற்கு? இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இந்தோனேசியாவின் 1945ஆம் ஆண்டு அரசியல் சட்டம், அதிபரின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றது. அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றும் சொன்னது. எத்தனை முறை என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் சுஹார்த்தோ 32 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார். 1998இல் பொருளாதார நெருக்கடி வந்தது, விலைவாசி எகிறியது. மே 12ஆம் தேதி திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 21ஆம் தேதி சுஹார்த்தோ பதவி விலகினார். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது: இரண்டு தவணைதான், அதற்கு மேல் இல்லை. இன்றைய மாணவர்களைப் பொறுத்தவரை இந்த வரம்பு, முன்னோடி மாணவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கியது.

2022 பிப்ரவரியில், அதிபரை ஆதரிக்கும் சில கட்சித் தலைவர்கள் தேர்தலைத் தள்ளிப்போடலாம் என்றனர். கோவிட் பாதிப்பிலிருந்து பொருளாதாரம் மீள அவகாசம் தேவை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதிபரின் சொந்தக் கட்சி இதை ஏற்கவில்லை. ஆனாலும் மாணவர்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. அப்போது 575 நாடாளுமன்ற இடங்களில் 471 ஆளும் கூட்டணியிடம் இருந்தன. அக்கட்சிகள் அனைத்தும் மனம் வைத்தால், அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேவையான பலத்துக்கு மிக அருகில் இருந்தன.

இதே வேளையில் மக்களின் அடுப்படி என்ன பாடுபட்டது? செம்பனை எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. அங்கேயே சமையல் எண்ணெய்க்கு மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள்! உலகச் சந்தையில் விலை உயர, அரசு உள்நாட்டில் லிட்டருக்கு 14,000 ரூப்பியா என உச்சவரம்பு விதித்தது. வெளியில் நல்ல விலை கிடைக்கும்போது குறைந்த விலைக்கு விற்க யார் முன்வருவார்? கடைகளில் எண்ணெய் மறைந்தது. மார்ச் மத்தியில் பாக்கெட் எண்ணெய்க்கான வரம்பு நீக்கப்பட்டதும், அதே எண்ணெய் 20,000 ரூப்பியாவைத் தாண்டிய விலையில் மீண்டும் வந்தது.

ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்புக்கூட்டு வரி 10 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடானது. அதே நாளில் பெர்தாமாக்ஸ் பெட்ரோல் லிட்டருக்கு 9,000 ரூப்பியாவிலிருந்து 12,500 ரூப்பியாவுக்கு ஏறியது.

ஆக, இரண்டு கோரிக்கைகளும் ஒரே புள்ளியில் சந்தித்தன. பொருளாதாரத்தைக் காரணம் காட்டி ஆட்சிக்காலத்தை நீட்டிக்கலாம் என்றால், அந்தப் பொருளாதாரச் சுமையைத் தாங்குபவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் நாள் எப்போது வரும்? எண்ணெய் விலையைத் தவறாகக் கையாண்ட அரசைக் கேள்வி கேட்க, சாமானியன் கையில் இருப்பது ஒரு வாக்குச்சீட்டுதான். தேர்தல் தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். வாய்மொழி உறுதி போதாது என்று மாணவர்கள் நினைத்ததன் காரணம் இதுவே.

போராட்டத்துக்குப் பின், அதே ஏப்ரலில், எண்ணெய் ஏற்றுமதி அனுமதி தொடர்பில் வாணிப அமைச்சின் உயர் அதிகாரி ஒருவர் கைதானார். 28ஆம் தேதி முதல் செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. மே 23ஆம் தேதி நீக்கப்பட்டது.

தேர்தல் சொன்ன தேதியில் நடந்தது. பிரபோவோ சுபியாந்தோ வென்றார். ஜோக்கோ விடோடோ 2024 அக்டோபரில் பதவியிலிருந்து இறங்கினார். ஆனால் துணை அதிபரானவர் அவருடைய மூத்த மகன். அவர் போட்டியிட வழிவிட்டது, வயது வரம்பில் விலக்கு அளித்த 2023ஆம் ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பு.

பதவிக்காலத்துக்குப் போட்ட வேலி நின்றது. வேலிக்குப் பக்கத்தில் வேறொரு வாசல் திறந்தது. சட்டத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பதே செனாயான் வீதி சொல்லும் பாடம்.