கடிபட்ட கைக்குச் சொந்தக்காரர்

2013 ஏப்ரல் 21. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். லூயிஸ் சுவாரெஸ் ஒரு செல்சி ஆட்டக்காரரின் கையைக் கடித்துவிட்டார். நடுவர் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு, கடைசி நிமிடத்தில் கோல் போட்டு ஆட்டத்தை 2–2 என்று சமன் செய்ததும் அதே சுவாரெஸ்தான். பிறகு பத்து ஆட்டங்களுக்குத் தடை வந்தது.

கடித்தவர் பெயர் கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் தெரியும். கடிபட்டவர் யாரென்று கேட்டால், "யாரோ செர்பியாக்காரன்" என்பார்கள். பள்ளி நாட்களில் ரைட் பேக்காக ஓடி ஓடி உழைத்து, கைதட்டல் எல்லாம் கோல் போட்டவனுக்கே போவதைப் பார்த்துப் புழுங்கியவன் நான். எனக்கு இது ஆறவே ஆறாது. அவர் பெயர் பிரானிஸ்லாவ் இவானோவிச். அவரும் ரைட் பேக்தான்.

1984இல் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சாவில் பிறந்தவர். சாவா நதிக்கரையில், பழைய ரோமானிய நகரம் ஒன்றின் மேல் எழுந்த ஊர் அது. உள்ளூர் ஸ்ரெம் அணியில் ஆடத் தொடங்கி, பெல்கிரேடின் ஓ.எஃப்.கே. அணிக்குப் போனார். ரெட் ஸ்டார், பார்ட்டிஸான் என்ற இரண்டு பெரிய அணிகளின் நிழலில் கிடந்த அணி. அங்கிருந்து 2006இல் லோகோமோட்டிவ் மாஸ்கோ.

ஏன் மாஸ்கோ? அதற்கு 1991க்குப் போக வேண்டும். அந்த மே மாதம் இத்தாலியின் பாரி நகரில், மார்செய் அணியைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது ரெட் ஸ்டார். அடுத்த ஆண்டுக்குள் யூகோஸ்லாவியா துண்டு துண்டானது. போர், ஐ.நா. பொருளாதாரத் தடை. யூரோ 92 போட்டியிலிருந்து யூகோஸ்லாவியா நீக்கப்பட, அந்த இடத்துக்கு அவசரமாக அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே தட்டிக்கொண்டு போனது. பாரியில் ஆடிய சவிசெவிச் மிலானுக்கு, மிஹாய்லோவிச் ரோமாவுக்கு, ப்ரோசினெச்கி ரியல் மாட்ரிட்டுக்கு என்று அணியே சிதறியது.

அன்றிலிருந்து செர்பிய கிளப்புகளுக்கு ஆட்டக்காரர்களை விற்பதுதான் பெரிய வருமானம். பையனுக்கு மீசை அரும்பும்போதே விலை பேசிவிடுவார்கள். விதைநெல்லை விற்றுக் கஞ்சி குடிக்கிற பிழைப்பு.

ஆனால் மேற்கின் பணக்கார கிளப்புகள் அந்தச் சிறிய லீக்கில் ஆடியதை மட்டும் நம்பிப் பெரும் பணத்தை எளிதில் இறக்குவதில்லை. நடுவில் ஒரு சத்திரம் வேண்டியிருக்கிறது. நெமான்யா விதிச் ஸ்பார்டக் மாஸ்கோவில் தங்கிவிட்டுத்தான் 2006இல் மான்செஸ்டர் யுனைடெட் போனார். துஷான் தாதிச் நெதர்லாந்தின் க்ரோனிங்கன், ட்வென்ட்டே வழியாக இங்கிலாந்து சேர்ந்தார். லாபத்தில் பெரும்பங்கு சத்திரக்காரருக்கு.

நெமான்யா மாதிச்சின் கதை இன்னும் வேடிக்கை. ஸ்லோவாக்கியாவின் கோஷிட்செ அணியிலிருந்து 2009இல் செல்சி அவரை வாங்கிய விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. 2011இல் பென்ஃபிகாவிடம் டேவிட் லூயிஸை வாங்கும்போது, பணத்தோடு கொசுறாக மாதிச்சையும் கொடுத்துவிட்டார்கள். 2014 ஜனவரியில் அதே மாதிச்சைத் திரும்ப வாங்கக் கொடுத்தது சுமார் 2 கோடியே 10 லட்சம்! வீட்டுப் பாத்திரத்தைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, அதையே கடையில் முழு விலைக்கு வாங்கிய கதை.

இவானோவிச் 2008 ஜனவரியில் செல்சிக்கு வந்தார். அந்த சீசன் முடியும்வரை ஒரே ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இந்த ஐந்து மாதத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கோல் போடுகிறவன் பத்து நிமிடம் களமிறங்கினாலும் தன்னைக் காட்டிவிடலாம். டிஃபெண்டருக்கு அந்த வசதி கிடையாது. 2009 ஏப்ரலில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், இரண்டு கார்னர், இரண்டு ஹெட்டர், இரண்டும் கோல். செல்சிக்காக அவர் போட்ட முதல் கோல்கள் அவைதான். இடம் எது தெரியுமா? பின்னாளில் கடிபட்ட அதே ஆன்ஃபீல்ட்.

2012இல் செல்சி சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோனதால் இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை. அடுத்த ஆண்டு மே 15, ஆம்ஸ்டர்டாம், யூரோப்பா லீக் இறுதி. பென்ஃபிகாவுடன் 1–1. கூடுதல் நேரம் வரப்போகிறது என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன். 93ஆவது நிமிடம், ஹுவான் மாட்டாவின் கார்னர். இவானோவிச் பின்னால் சாய்ந்தபடியே தலையால் முட்டி, பந்தை வளைத்து வலைக்குள் போட்டார். கடிபட்டு 24 நாள்தான் ஆகியிருந்தது. அந்த கோலை நான் நேரலையில் பார்க்கவில்லை, ரீப்ளேயில்தான் பார்த்தேன்.

தேசிய அணிக்கு 105 ஆட்டங்கள். அதுவரை சாதனை தேயான் ஸ்டான்கோவிச்சின் 103. (ஸ்டான்கோவிச் 1998, 2006, 2010 என மூன்று உலகக் கோப்பைகளில் ஆடினார். ஊர் ஒன்றேதான், நாட்டின் பெயர் மட்டும் மூன்று: யூகோஸ்லாவியா, செர்பியா-மான்டினீக்ரோ, செர்பியா.) பிறகு தாதிச் இருவரையும் தாண்டினார்.

2017 ஜனவரி 28, எஃப்.ஏ. கோப்பையில் பிரென்ட்ஃபோர்டுடன் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக வந்த இவானோவிச் ஒரு கோல் போட்டார். செல்சிக்காக அதுவே கடைசி ஆட்டம். சில நாட்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஜெனித் அணிக்குக் கிளம்பிவிட்டார். மறுபடியும் ரஷ்யா.