நிலத்தை மேடாக்கு முன்னர்

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி, நாவலூர், படூர் முதலிய ஊர்களில் பள்ளமான மனையை வாங்கியவர் முதலிற் செய்யும் காரியம், லாரி லாரியாக மண் கொட்டி அதனை மேடாக்குவதேயாகும். வீடு கட்டுவது பிறகு. சொந்தச் சேமிப்பைக் கொண்டோ, வீட்டுவசதிச் சங்கத்தின் கடனைக் கொண்டோ இப்பக்கம் நிலம் வாங்க எண்ணும் அங்கத்தினர்கள், அந்த மண்ணைக் கொட்டு முன்னரே அறிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில உள்ளன.

இவ்வட்டாரத்துத் தண்ணீர் செல்லும் வழியை முதலிற் கூறிவிடுவோம். தென்சென்னைப் புறநகரின் 31 ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கு நோக்கிச் சென்று, முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலிற் கலக்கிறது. சிறுசேரி இப்பாதைக்கு மேற்கே அமைந்த ஊர். நிலத்தின் சரிவோ மிகக் குறைவு. கடல் ஏற்றமாயிருக்கும் வேளையில் வெள்ளம் வடியாமல் தயங்கி நிற்கும். அவ்வேளையில் ஒருவர் தம் மனையை இரண்டடி உயர்த்தியிருந்தால், அங்கே தேங்க வேண்டிய நீர் பக்கத்து மனையிலன்றோ ஏறும்? நெசவாளர் வீடாயின் முதலில் நிரம்புவது குழித்தறியின் குழியே. பாவும் நூலும் அதனோடு போகும்.

கடலோர விதி 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முதலாக வெளியாயிற்று. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி செல்லும். நமக்கு முக்கியமானது, கடலை நேரே பாராத கழிகளுக்கும் அது செல்லும் என்பதே. அலையின் தாக்கம் எதுவரை என்பதை எப்படி நிர்ணயிப்பது? கோடையின் மிக வறண்ட காலத்தில் நீரைச் சோதித்து, ஆயிரம் பங்கில் ஐந்து பங்கு உப்பு உள்ள இடம் வரை என்று விதி வகுத்துள்ளது. கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மனை கடலோர விதிக்குள் அகப்படுவது இதனாலேதான். கரையிலிருந்து எத்தனை தூரம் என்பதில் 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை, 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றுட் குறைந்தது எது அது என்றது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை அந்த 100ஐ 50 ஆக்கிற்று. புதிய வரைபடம் அங்கீகாரம் பெற்ற பின்னரே அத்தளர்வு ஓரிடத்திற்குச் செல்லும். வெள்ளத்தைக் கண்ட ஊர்களுக்கு இந்தக் குறைப்பு உவப்பானதன்று என்பது எமது கருத்து.

சதுப்பு நிலங்களுக்கு 2017ஆம் ஆண்டின் விதிகள் வேறாக உள்ளன. சதுப்பைத் தூர்த்து வேறு பயனுக்கு மாற்றுதல், குப்பை கொட்டுதல், கடந்த பத்தாண்டுகளிற் கண்ட சராசரி வெள்ள உயரத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் எழுப்புதல் ஆகியவற்றை அவை தடுக்கின்றன. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரவியிருந்ததாக மதிப்பிடுவர். சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் அதனைத் தின்றன. 2007ஆம் ஆண்டில் 317 எக்டேர் காப்புக்காடாயிற்று. 2022ஆம் ஆண்டில் 1,247 எக்டேர் ராம்சார் தலமாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025ஆம் ஆண்டு செப்டம்பரில், தாக்கப் பகுதி இன்னதென ஆராய்ந்து வரையறுக்கும் வரை, அத்தலத்தினுள்ளும் அதனைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி வழங்கலாகாதென ஆணையிட்டது.

உழவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசனத்திற்கென மனிதர் வெட்டிய ஏரிகளும் நெல்வயல்களும் மேற்சொன்ன 2017ஆம் ஆண்டு விதிகளில் அடங்கா. பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமே துணை. வயலுக்கோ அதுவும் இல்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டு முதல் நெல்வயலையும் சதுப்பையும் தூர்ப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது.

இனி மண் கொட்டும் விஷயம். தாழ்ந்த மனைகளுக்கு, நீர் தேங்குமா என்று பார்த்து நீர்வளத் துறை தடையின்மைச் சான்று அளிக்கிறது. மனையை எந்த மட்டத்திற்கு உயர்த்த வேண்டும் என்பதும் அதிற் குறிக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது மேடாக்கும் மனையைக் காக்கிறதேயன்றி, அதனை அடுத்த பழைய வீட்டைக் காப்பதாகத் தோன்றவில்லை. அடுத்த வீட்டார் தம் வாய்க்கால் அடைபடாதிருக்கிறதா என்று தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடலோர மண்டலத்தினுள் மணற்குன்றைச் சமன் செய்வதற்கும், கழியைத் தூர்த்து நிலமாக்குவதற்கும் தடை உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்விதிகள் ஏட்டளவிலேயே நிற்கும் என்று எண்ணி வாங்குவோர் உளர். அவர்கள் கொச்சியை அடுத்த மரடு நகரை நினைக்க வேண்டும். கடலோர விதியை மீறிய நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உள்ளாட்சியின் அனுமதி இருந்ததை நம்பி வாங்கியவர்களே வீட்டை இழந்தார்கள்.

ஆகவே முன்பணம் கொடுக்கு முன், பட்டாவோடு நில்லாது கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் பார்க்க வேண்டும். 'கழுவெளி' என்றோ, ஏரி, ஓடை, வாய்க்கால் என்றோ புல எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தால் அந்நிலத்தை விட்டுவிடலாம். கழியருகே என்றால் கரையோர மண்டல வரைபடத்திலும் புல எண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். நேரிற் சென்று பார்ப்பது ஐப்பசி கார்த்திகையில் நல்லது. பங்குனியில் எல்லா மனையும் காய்ந்தே கிடக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை ஏறிற்று என்பதை அங்கு வாழ்வோரிடம் கேட்டு, சங்கத்தின் கடன் மனுவோடு அதனையும் எழுதி இணைத்தல் நலம்.