இனிப்பின் வழியே – 14: எலுமிச்சைத் தோலின் பரிமளம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புளியங்குடியிலிருந்து வந்து சேரும் எலுமிச்சம்பழத்துக்குக் கரிவலம்வந்தநல்லூர் வீடுகளில் உள்ள உபயோகங்களைச் சொல்லத் தொடங்கினால், ஊறுகாய், சாதம், பானகம், பெரியவர்களைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோகும் மரியாதைப் பழம், அம்மன் கழுத்து மாலை என்று வெகுதூரம் போகும். ஆனால் இனிப்புப் பதார்த்தங்களின் வரிசையில் மாத்திரம் அதற்கு உரிய ஸ்தானம் கிடைக்கவில்லை. காய்ச்சிய பாகு பூத்துப்போய் மறுபடியும் சர்க்கரையாகிவிடாதிருக்க நாலு சொட்டுச் சாறு பிழிவார்கள். அந்தப் புளிப்பு, சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் படிகம் கட்டுவது தடைப்படுகிறது. அத்துடன் அதன் காரியம் முடிந்தது; ருசியில் அதன் சுவடுகூட இராது.

எலுமிச்சையையே பிரதானமாக வைத்து வீட்டில் செய்யத்தக்க ஓர் இனிப்பு உண்டு, அது மார்ஷ்மெல்லோ. அந்நிய தேசத்துப் பண்டம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு அதன் பூர்வீகத்தைச் சற்றே சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த வழுவழுப்பான சாற்றைச் சர்க்கரையோடும் முட்டை வெண்கருவோடும் சேர்த்து நுரைபொங்க அடித்து, தொண்டைக்கு இதமான மிட்டாயாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் செய்து விற்றார்கள். அந்தச் செடி நம்முடைய வெண்டைக்கும் துத்திக்கும் செம்பருத்திக்கும், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் விளையும் பருத்திக்கும் ஒரே குடும்பத்து உறவு. செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்திருப்பவர்களுக்கு அந்த வழுவழுப்பு புதிதல்ல.

பிற்காலத்தில் வேரின் இடத்தை ஜெலட்டின் பிடித்துக்கொண்டது. மாட்டுத் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுக்கப்படும் அந்த வஸ்துவை அநேகர் உண்ணமாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, அது நம்முடைய சீதோஷ்ணத்துக்கே ஒத்துவராதது. 35 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும் சுபாவமுடைய ஒன்றை நம்பிச் சித்திரை மாதத்தில் மிட்டாய் செய்தால், அது தட்டோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். இதே சங்கடம் 1881-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில், கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்திலும் நேர்ந்தது. கிருமி வளர்க்கும் ஜெலட்டின் தட்டுகள் கோடையில் உருகிப்போகவே, அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தம் சமையலறையில் பழப்பாகு இறுக உபயோகித்துவந்த அகர் என்னும் கடற்பாசிப் பொருளைச் சொன்னார். உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்றைக்கும் அதையே கையாளுகின்றன. ஒரு கிருகிணியின் அடுக்களை ஞானம் விஞ்ஞானத்துக்கு வழிகாட்டிய இச்செய்தியை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பது என் அபிப்பிராயம். ஒருமுறை இறுகிய அகர் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வெப்பம் வேண்டும். நம் ஊர் வெயில் அதை ஒன்றும் செய்துவிடாது.

அந்த அகருக்காக நாம் தூரதேசம் போக வேண்டியதுமில்லை. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்துப் பெண்கள் மூச்சையடக்கி மூழ்கி, கூரிய பாறைகளில் கை கீறிக்கொண்டு பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் கேட்டால் கிடைக்கும். வெண்கருவையும் சர்க்கரையையும் நுரைத்து இனிப்பாக்கும் வித்தையோ, முந்திரிப் பொடி கலந்து தூத்துக்குடி மக்ரூன் செய்யும் கைகளுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. ருஷ்யர்களும் ஆப்பிள் கூழ், வெண்கரு, சர்க்கரை, அகர் ஆகியவற்றைக் கொண்டு ஸெஃபீர் என்றொரு பண்டம் செய்கிறார்கள். நாம் செய்யப்போவது அதற்கு மிக நெருங்கியது.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. பரிமளமோ முழுக்க முழுக்கத் தோலில் இருக்கிறது. மஞ்சள் தோலை எரியும் விளக்கின் அருகே வளைத்துக் கிள்ளினால், கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்துச் சுடரில் பொறிப்பொறியாகப் பற்றி எரிவதைக் காணலாம். அந்த எண்ணெய்தான் நமக்கு வேண்டியது. நாலு பழங்களின் மேல்தோலை, அடியிலுள்ள கசப்பான வெள்ளைப் பகுதி சேராதபடி, இஞ்சி துருவும் மெல்லிய துருவியில் நிதானமாகத் துருவி, இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரையோடு விரல் நுனியால் கசக்கி மூடிவைத்துவிட வேண்டும். சற்று நேரத்தில் சர்க்கரை ஈரம் பாய்ந்து மஞ்சள் நிறங்கொண்டு, மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் மணக்கும்.

ஆறு கிராம் அகர் தூளை 120 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, அது முற்றிலும் கரைந்த பிறகே 250 கிராம் சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். சர்க்கரை முந்திக்கொண்டால் அகர் கரையாமல் திப்பிதிப்பியாக நிற்கும். பாகு கம்பிப் பதத்துக்கு, அதாவது 110 டிகிரி அளவுக்கு, வருவதற்குள் இரண்டு முட்டைகளின் வெண்கருவை ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். புளிப்பு நுரையை உறுதிப்படுத்தும். சாற்றைப் பாகில் விட்டுக் கொதிக்கவைப்பது மாத்திரம் கூடாது. அகரின் இறுகும் சக்தியை அது குலைத்துவிடும். கொதிக்கும் பாகை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே விடாமல் அடித்து, கலவை பளபளவென்று தடித்ததும் தோல் சர்க்கரையைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். அகர் 40 டிகிரிக்கு இறங்கும்போதே இறுகத் தொடங்குமாதலால், தட்டைத் தேடிக்கொண்டு ஓட அவகாசம் இராது. முட்டை உண்ணாதவர்கள் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை நுரைத்துப் பார்க்கலாம். நுரை சற்று இளகலாகவே நிற்கும்.

ஒரு நாள் காற்றாட வைத்துத் துண்டுபோட்டு, சோளமாவும் பொடித்த சர்க்கரையும் கலந்து புரட்டினால் முடிந்தது. ஜெலட்டின் சேர்த்ததைப்போல இழுத்தால் இது நீளாது. கடித்தால் மெத்தென்று உடைந்து வாயில் கரையும். கடையில் கிடைக்கும், எசென்ஸ் வாசனை ஏற்றிய துண்டுகளைவிட இது பலபடி மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். காற்றில் ஈரமில்லாத மாசி, பங்குனி மாதங்களே இதற்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எத்தனை நாள் வைத்தாலும் காயாது. வாசகர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சாறு பிழிவதற்கு முன்பே தோலைத் துருவி எடுத்துக்கொள்ளுங்கள்; பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியைத் துருவ முடியாது.